ஸ்மித் என்னும் குடிப்பெயர்

இக்கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில் நூல்நிலையத்து அடுக்குகளினிடையே உலாவுதல் எமக்குப் பெருவிருப்பமாயிருந்தது. நூல்களைப் படித்ததினும் அவற்றின் முதுகிற் பொறித்த பெயர்களைப் படித்ததே மிகுதி என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு உலாவிய ஒருநாள் பொருளியல் அடுக்கில் ஆடம் ஸ்மித் என்பாரைக் கண்டோம். சரித்திர அடுக்கில், இந்தியாவின் பண்டை வரலாற்றை 1904-இல் எழுதி வெளியிட்ட வின்ஸென்ட் ஸ்மித் நின்றார். கட்டுரை அடுக்கில் நகைச்சுவைக்குப் பேர்போன சிட்னி ஸ்மித் என்னும் பாதிரியார் இருந்தார். நிலநூல் அடுக்கிலோ வில்லியம் ஸ்மித் என்பாரைப் பற்றிய நூலொன்று கிடந்தது. இத்துணைத் துறைகளிலும் அறிஞரைப் பயந்த இக்குடும்பம் எத்துணைப் பெருங்குடும்பமாயிருத்தல் வேண்டும் என வியந்து, எம் ஆங்கில ஆசிரியரை அணுகி, “ஐயா, இந்த ஸ்மித் வமிசத்தார் எந்த நாட்டு அரசகுலத்தவர்?” என்று வினவினோம்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே புன்னகை புரிந்து, “தம்பி, அவர்கள் அரசகுலத்தவரல்லர். ஒருவர்க்கொருவர் உறவினருமல்லர். ஸ்மித் என்றால் கொல்லன் என்று பொருள்” என்றார்.

அருகிருந்த மாணவர் நகைத்தனர், யாமும் நகைத்தோம். ஆயினும் எம் உள்ளத்தில் முள்ளொன்று தைத்தது. என்னை? எம் பாட்டனார் ஓர் ஊர்க் கொல்லர். அதனை அக்கல்லூரியில் யாம் எவர்க்கும் சொல்லியதில்லை. சொல்லாதிருந்ததோடு நின்றதுமில்லை. அதற்கு இரு திங்கள் முன்னர், பழைய இரும்பு வாங்க நகருக்கு வந்த பாட்டனார், பாட்டியார் சுட்டுக் கொடுத்த முறுக்கைத் துணியிற் பொதிந்து எம் விடுதிக்குக் கொணர்ந்தார். தீப்பொறி பட்டுப் பட்டுப் புள்ளி விழுந்த கைகளும், எத்துணைத் தேய்த்தும் கருமை நீங்காத நகங்களும் உடையவர் அவர். உடனிருந்த தோழர் ஒருவர், “இவர் யார்?” என்று கேட்டார். “எங்கள் ஊர்க்காரர்” என்று விடை கூறினோம். பாட்டனார் செவியில் அது விழுந்தது. அவர் ஒன்றும் கூறாமல் பொதியை எம் கையில் வைத்துவிட்டுச் சென்றார். அதன் பின்னர் அவர் நகருக்கு வந்தபோதெல்லாம் விடுதியினுள் வந்திலர். வாயிற் காவலாளியிடம் பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

எனவே ஆசிரியர் கூறிய அச்சொல் எம்மை எளிதில் விட்டபாடில்லை. எந்தத் தொழிலை யாம் மறைத்தோமோ அந்தத் தொழிலின் பெயரையே ஒரு நாட்டின் இலட்சக்கணக்கான மக்கள் தம் பெயராகத் தாங்கி நிற்பது எங்ஙனம் என அறிய விழைந்தோம். அன்று தொடங்கி அவ்வப்போது தேடிக் கற்றவற்றை இக்கட்டுரையிற் சுருக்கி உரைப்போம்.

ஆங்கில நாட்டிற் பண்டைக் காலத்து ஒருவர்க்கு ஒரு பெயரே வழங்கிற்று. ஆல்பிரட், எட்வர்ட், காட்வின் என்றாற்போன்ற பெயர்கள் பலவாயிருந்தமையின் அஃது இடர் தரவில்லை. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் அந்நாட்டை வென்று ஆளத் தொடங்கிய பின்னர், ஆள்வோரின் பெயர்களையே மக்களும் தம் பிள்ளைகளுக்கு இடலாயினர். வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி என்பனவும், திருமறைப் பெயர்களாகிய ஜான், தாமஸ் என்பனவும் எங்கும் பரவின. பழைய பெயர்களிற் பெரும்பாலன வழக்கிழந்தன. ஒரே ஊரில் ஐந்து வில்லியமும் ஆறு ஜானும் இருப்பின் வரி தண்டுவோன் யாரை அழைப்பான்? ஆகவே பெயரோடு ஓர் அடையாளமும் சேர்த்து வழங்குதல் இன்றியமையாததாயிற்று.

அவ்வடையாளங்கள் நால்வகைப்பட்டன. வாழும் இடத்தாற் பெற்றது ஒன்று. குன்றின்மேல் வாழ்ந்தவன் ஹில் ஆயினான். தந்தையாற் பெற்றது இரண்டாவது. ஜானின் மகன் ஜான்ஸன் ஆயினான். உருவத்தாலோ இயல்பாலோ பெற்றது மூன்றாவது; பழுப்பு நிறத்தான் பிரௌன் எனப்பட்டான். தொழிலாற் பெற்றது நான்காவது. மாவரைப்போன் மில்லர், துணி தைப்போன் டெய்லர், அப்பஞ் சுடுவோன் பேக்கர், இரும்படிப்போன் ஸ்மித் என வழங்கப்பட்டனர். இவற்றுள் ஸ்மித் என்பது மிகத் தொன்மை வாய்ந்தது. நார்மானியர் வருகைக்கு முன்னரே, 975-ஆம் ஆண்டளவில் டர்ஹாம் பகுதியில் வாழ்ந்த ஒருவருடைய பெயரோடு இச்சொல் இணைந்து காணப்படுதலைப் பெயராராய்ச்சியாளர் எடுத்துக் காட்டுவர்.

தொடக்கத்தில் இவ்வடையாளங்கள் அவ்வவர் வாழ்நாளோடு கழிந்தன. கொல்லனுடைய மகன் ஆடு மேய்ப்பின் அவன் ஆயனென்றே அழைக்கப்பட்டான். பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கிப் பதினான்காம் நூற்றாண்டு முடியுமளவும் மெல்ல மெல்ல அவை தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடிப்பெயர்களாயின. நிலம் உடையோர் தம் உரிமையை நிலைநாட்டும் பொருட்டு முதற்கண் இதனைக் கைக்கொண்டனர், ஏனையோர் பின்பற்றினர். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி விதிக்கப்பட்டபோது ஊர்தோறும் மக்கள் பெயர்கள் பட்டியலிடப்பட்டன. வழக்குமன்ற ஆணைகளில் ஒருவன் பெயரோடு அவன் தொழிலும் ஊரும் குறிக்கப்படுதல் வேண்டும் என 1413-இல் ஒரு சட்டம் பிறந்தது. 1538-இல் ஆலயந்தோறும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யுமாறு கட்டளை பிறந்தது. இவ்வாறு எழுதுகோல் தொட்ட பெயர் ஏட்டில் உறைந்துவிட்டது. உலையைக் காணாத பேரனும் ஸ்மித் எனவே எழுதப்பட்டான்.

இனி, தொழிற்பெயர்கள் பலவாயிருக்க ஸ்மித் ஒன்று மட்டும் ஏனையவற்றை விஞ்சியது ஏன் என்பதை ஆராய்வோம். ஆங்கில நாட்டிற் கொல்லரே மிகுதியாயிருந்தனர் போலும் என்று யாம் முதலிற் கருதினோம். அக்கருத்துப் பிழையாயிற்று. அந்நாட்டில் மிகுதியாயிருந்தோர் உழவரே. எனினும் உழவன் எனப் பொருள்படும் குடிப்பெயர் அத்துணைப் பரவவில்லை. ஃபார்மர் என்றொரு குடிப்பெயர் உண்டெனினும், அது பழங்காலத்தில் வரியையோ வாரத்தையோ குத்தகைக்கு எடுத்துத் தண்டுவோனைக் குறித்ததேயன்றி ஏர் பூட்டியவனைக் குறித்ததன்று.

காரணம் ஆராய்ந்து பார்ப்பின் எளிது. அறுபது உழவர் வாழும் ஊரில் ‘உழவன் ஜான்’ என்று அழைப்பின் அறுபதின்மரில் எவன் திரும்பிப் பார்ப்பான்? அவ்வடையாளத்தாற் பயனில்லை. கொல்லனோ ஊருக்கு ஒருவன். ‘கொல்லன் ஜான்’ என்ற அளவில் இன்னான் என்பது ஐயமின்றி விளங்கும். ஆயின் ஊருக்கு ஒருவனாயிருத்தல் மட்டும் போதாது. எல்லா ஊரிலும் ஒருவனாயிருத்தலும் வேண்டும். பொற்கொல்லன் எல்லா ஊரிலும் இல்லை. அம்புமுனை செய்வோன் எல்லா ஊரிலும் இல்லை. கொழுவும் அரிவாளும் கோடரியும் ஆணியும் கதவுக் கீலும் குதிரை லாடமும் வேண்டாத ஊர் எதுவுமில்லை. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் தனித்து நின்ற ஒருவன், ஊர்களெல்லாம் ஒருங்கு கூடிய நாட்டில் எல்லாரினும் பல்கிப் பெருகினான். ஒருவனாய் இருந்தமையாலேயே பலராயினர் என்பது இப்பெயரின் வரலாற்றில் வியக்கத்தக்கதோர் உண்மை.

கொல்லன் இல்லாத நாடு எந்நிலை எய்தும் என்பதைத் திருமறை படித்தோர் அறிவர். சாமுவேலின் முதலாம் புத்தகம் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இஸ்ரவேல் தேசம் எங்கும் ஒரு கொல்லனும் இல்லாதபடி பெலிஸ்தர் செய்துவிட்ட செய்தி காணப்படுகின்றது. எபிரெயர் வாளும் ஈட்டியும் செய்துகொள்வர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அதன் பயனாகக் கொழுவையும் கோடரியையும் மண்வெட்டியையும் தீட்டிக்கொள்ளவும் இஸ்ரவேலர் தம் பகைவரிடமே செல்ல நேர்ந்தது. பிற்காலத்தில் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றியபோது, அரசனையும் போர்வீரரையும் கொண்டுசென்றதோடு கொல்லரையும் சிறைகொண்டு போனான். வென்றவர்க்குக் கொல்லனின் மதிப்புத் தெரிந்திருந்தது. பேரனாகிய எமக்குத் தெரியவில்லை.

ஸ்மித் என்னும் வேரிற் கிளைத்த பெயர்கள் சிலவும் உள. கோல்ட்ஸ்மித் பொற்கொல்லன், ஆரோஸ்மித் அம்புமுனை வடிப்போன், ஷூஸ்மித் லாடம் அடிப்போன், நெய்ஸ்மித் கத்தி செய்வோன் என்பர். சிக்ஸ்மித் என்றொரு பெயருண்டு. அதனை ஆறு என்னும் எண்ணோடு சேர்த்துப் பொருள் கொள்ளுதல் தவறு. அஃது அரிவாள் செய்வோனைக் குறிக்கும் சொல்லின் திரிபு. இனி, ஸ்மித் என்பதை ஸ்மைத் என எழுதியும் ஒலித்தும் வேறுபடுத்திக்கொண்டோரும் உளர். உலைக்களத்தின் மணம் தம் பெயரில் வீசலாகாது என்று சில செல்வர் இங்ஙனம் செய்தனர் எனப் பலர் நகையாடுவர். ஆயினும் பழைய ஏடுகளில் அவ்விரு எழுத்துகளும் வேறுபாடின்றி வழங்கினமையின், எழுத்தைக் கொண்டு எல்லாரையும் குறை கூறுதல் முறையன்று. பெயரின் ஓரெழுத்தை மாற்றினாரைக் குறைகூற, பாட்டனாரையே ஊர்க்காரராக மாற்றிய எமக்கு உரிமையுமில்லை.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றினும் இந்நிலையே காண்கின்றோம். ஜெர்மானியரின் ஷ்மிட், டச்சுக்காரரின் ஸ்மிட், பிரெஞ்சுக்காரரின் லெஃபெவ்ர், ஃபாப்ர், ஸ்பானியரின் ஹெரேரோ, ஹங்கேரியரின் கோவாச், ருஷ்யரின் குஸ்னெத்ஸோவ், போலந்தியரின் கோவால்ஸ்கி, எஸ்தோனியரின் ஸெப் ஆகியன யாவும் கொல்லன் என்னும் சொல்லடியாகப் பிறந்தனவே. விரைந்தோடும் பந்தயக் கார்களுக்குப் பெயர்பெற்ற ஃபெராரி என்பதும் இத்தாலிய நாட்டுக் கொல்லர் பெயரே. ஐரோப்பாவிற்கு அப்பால் அரபு மொழி வழங்கும் நாடுகளிற் பரவிய ஹத்தாத் என்பதும் அப்பொருளதே. மொழிகள் வேறாயினும் ஊரின் தேவை ஒன்றாயிருந்தமையின் பெயரும் ஒன்றாயிற்று.

இதுகாறும் கூறியவற்றால் ஸ்மித் எனப்படுவோர் யாவரும் கொல்லர் வழியினரே என்று எண்ணிவிடலாகாது. உலையின் வெம்மை படாத வேறு வழிகளாலும் இப்பெயர் பலரை வந்தடைந்தது. அவற்றுட் சில துயர் மிக்கன.

1465-ஆம் ஆண்டில், ஆங்கிலர் ஆட்சிக்குட்பட்ட அயர்லாந்துப் பகுதியில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அங்கு வாழும் ஐரிஷ் மக்கள் ஆங்கில உடை உடுத்து, ஆங்கிலக் குடிப்பெயர் ஒன்றையும் ஏற்றல் வேண்டும் என்பது அச்சட்டம். ஓர் ஊரின் பெயரையோ, ஒரு நிறத்தின் பெயரையோ, ஸ்மித், கார்ப்பென்டர் என்றாற்போன்ற தொழிலின் பெயரையோ, ஒரு பணியின் பெயரையோ கொள்ளலாம் என அச்சட்டமே எடுத்துக்காட்டும் கூறிற்று. ஐரிஷ் மொழியிற் கொல்லன் மகன் எனப் பொருள்படும் மக் கவன் என்னும் பழங்குடிப் பெயரைத் தாங்கியோர் பலரும் காலப்போக்கில் ஸ்மித் ஆயினர். பொருள் ஒன்றேயாயினும் மொழி வேறன்றோ? தந்தை அழைத்த பெயரைத் தன் நாவினின்று நீக்கி, ஆள்வோன் நாவிற்கு எளிய பெயரை அணிந்துகொள்ளுதல் சிறு செயலன்று.

அமெரிக்காவிற் குடியேறிய ஜெர்மானியர் பலர் ஷ்மிட் என்பதை ஸ்மித் என மாற்றிக்கொண்டனர். 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் பெரும்போரின்போது ஜெர்மானியப் பெயர் தாங்குதல் ஐயத்திற்கிடமாயிற்று. ஆங்கில அரசகுடும்பமே 1917-இல் தன் ஜெர்மானியப் பெயரை விட்டு வின்ட்ஸர் என்னும் பெயரை ஏற்றதாயின், எளிய குடிமக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் வரலாறு இதனினும் கொடிது. ஆபிரிக்காவினின்று கொணரப்பட்ட அவர்தம் முன்னோரின் பெயர்கள் கப்பலிலும் சந்தையிலும் பறிக்கப்பட்டன. 1865-இல் அமெரிக்காவில் அடிமைத்தளை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னர், விடுதலை பெற்றோர் குடிப்பெயரோடு ஏடுகளிற் பதியப்பெற்றனர். சிலர் முன்னைய உடைமையாளரின் பெயரைத் தாங்கினர். சிலர் தாமே விரும்பிய பெயரைத் தேர்ந்தனர். 2010-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமதிப்பில் ஸ்மித் என்னும் பெயருடையோர் 24,42,977 பேர். அந்நாட்டுக் குடிப்பெயர்களுள் முதலிடம் அதற்கே. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் கறுப்பினத்தவர். அவர்கட்கு இப்பெயர் உலையினின்று வந்ததோ, உரிமையிழந்த நாளினின்று வந்ததோ, பெயரை மட்டும் நோக்கி எவர் உரைக்கவல்லார்?

ஆங்கில நாட்டிலும் இப்பெயரின் பெருக்கம் எண்ணித் தெளியப்பட்டது. இங்கிலாந்தும் வேல்ஸும் அடங்கிய பகுதியில் 1853-ஆம் ஆண்டளவில் ஸ்மித் எனப்படுவோர் 2,53,600 பேர் இருப்பர் எனப் பதிவாளர் தலைவரின் அறிக்கை மதிப்பிட்டது. அஃதாவது 73 பேருக்கு ஒருவர். வேல்ஸ் நாட்டாரிடை மிகுந்த ஜோன்ஸ் என்பது 2,42,100 பேருடன் அதனை அடுத்து நின்றது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இன்றளவும் முதன்மை பெற்றது ஸ்மித் என்பதே.

இப்பெயருடையோருள் மூவரை, அன்றி இருவரையும் இப்பெயரில்லாத ஒருவரையும், இங்குக் குறித்தல் பொருந்தும். முதல்வர் ஆடம் ஸ்மித். அவர் தந்தையார் கொல்லரல்லர். ஸ்காட்லாந்தில் கர்க்கால்டி என்னும் துறைமுகத்துச் சுங்க அதிகாரி. அவர் 1776-இல் வெளியிட்ட பொருளியற் பெருநூலில் வேலைப் பகுப்பின் நன்மையை விளக்குமிடத்துக் கொல்லரையே சான்று காட்டுகின்றார். சுத்தியல் பிடித்துப் பழகியும் ஆணி செய்து பழகாத கொல்லன் நாளொன்றுக்கு 200 அல்லது 300 ஆணிக்குமேற் செய்யமாட்டான்; ஆணியும் செய்து பழகிய கொல்லன் 800 முதல் 1,000 வரை செய்வான்; ஆணியன்றிப் பிறிதொன்றும் செய்தறியாத இருபது வயதிற்குட்பட்ட சிறுவரோ 2,300-க்கும் மேற்பட்டவற்றைச் செய்வர் என்பது அவர் கூற்று. ஊருக்கெல்லாம் எல்லாமும் செய்து கொடுத்த கொல்லன், ஒன்றையே ஓயாது செய்யும் ஆலைக்கு இடம் விட்டு விலகுங் காலம் அணுகியதை, கொல்லன் பெயர் தாங்கிய அறிஞரே உலகிற்கு எடுத்துரைத்தார். அந்நூற்றாண்டு தொடங்கிப் பெயர் பெருகிற்று, உலைகள் குறைந்தன.

இரண்டாமவர் வில்லியம் ஸ்மித். இவர் 1769-இல் ஆக்ஸ்போர்டுஷயரைச் சார்ந்த சர்ச்சில் என்னும் சிற்றூரிற் பிறந்தவர்; உண்மையாகவே ஊர்க் கொல்லர் ஒருவரின் மகன். இளமையிலேயே தந்தையை இழந்து, நிலம் அளக்கும் தொழில் பயின்று, கால்வாய் வெட்டுமிடங்களில் மண்ணடுக்குகளைக் கூர்ந்து நோக்கினார். ஒவ்வோர் அடுக்கிற்கும் உரிய கற்படிவ உயிர்கள் உண்டெனக் கண்டு, 1815-இல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் நிலநூற் படத்தைத் தம் தனி முயற்சியால் வெளியிட்டார். அத்துணை அரியது செய்தும் 1819-இற் கடனுக்காகச் சிறை புகுந்தார். முதலில் அவரை மதியாதிருந்த நிலநூற் கழகத்தார் 1831-இல் தம் உயர்ந்த பதக்கத்தை முதன்முதலாக அவர்க்கே வழங்கினர்.

இப்பெயரில்லாதவர் மைக்கேல் ஃபாரடே. மின்னியலின் தந்தையருள் ஒருவராகிய இவரும் 1791-இல் ஒரு கொல்லருக்கே மகனாய்ப் பிறந்தவர். இவர் இளமையில் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று எம் நாட்டைச் சார்ந்தது. தென்னிந்தியக் கொல்லர் மண்குகையிலிட்டு உருக்கியெடுத்த எஃகினை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்பர். கன்னடத்து ‘உக்கு’ என்னும் சொல்லின் திரிபு அது என்றும், நம் ‘உருக்கு’ என்பதற்கு அஃது உறவென்றும் கூறுவர். அவ்வூட்ஸ் எஃகின் இயல்பை 1819-இல் ஃபாரடே பகுத்தாராய்ந்தார். ஆங்கிலக் கொல்லரின் மகன், நம் நாட்டுப் பெயரறியாக் கொல்லரின் கைவண்ணத்தை மேசைமேல் வைத்து வியந்து நோக்கிய அக்காட்சியை நினைக்குந்தோறும் எம் உள்ளம் நெகிழும்.

இன்று ஸ்மித் என்பது ஒருவரை அடையாளங் காட்டும் பெயராக இல்லை. மறைந்து வாழ விரும்புவோன் புனைந்துகொள்ளும் பெயர் ஜான் ஸ்மித் என்பது. ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட புதினத்தில், முகமற்ற பெருங்கூட்டத்தில் ஒருவனாய் நசுக்கப்படும் தலைமகனுக்கு வின்ஸ்டன் ஸ்மித் எனப் பெயரிட்டார். கூட்டத்தினின்று ஒருவனைப் பிரித்துக்காட்டப் பிறந்த பெயர், கூட்டத்தினுள் ஒருவனை மறைக்கும் பெயராய் முடிந்தது.

இவற்றுட் சிலவற்றைக் கற்ற அவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றோம். பாட்டனார் பட்டறையில் இருந்தார். பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி உலையிலிட்டு அரிவாளாக அடித்துக்கொண்டிருந்தார். யாம் துருத்தியின் அருகமர்ந்து ஊதத் தொடங்கினோம். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர், “தாத்தா, சீமையிலே கொல்லன் என்பதையே பெயராக வைத்துக்கொண்டு இலட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள்” என்று கூறி, அறிந்தவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துரைத்தோம். ஆணி செய்யும் சிறுவரின் கணக்கையும் சொன்னோம்.

அவர் குறட்டிற் பிடித்த இரும்பைத் திருப்பிப் பார்த்தவாறே, “ஆணி மட்டும் அடிக்கிற பையனிடம் கொழு தேய்ந்துபோயிற்று என்று கொண்டுபோனால் என்ன செய்வான்?” என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, “அந்த இலட்சம் பேரும் உலை ஊதுகிறார்களா, ஐயா?” என்றார். இல்லையென்றோம். “அப்படியானால் அவர்களிடம் பெயர் இருக்கிறது, உலை இல்லை. நம்மிடம் உலை இருக்கிறது, பெயர் இல்லை” என்று கூறி நகைத்தார். அந்நகைப்பில் எம்மீது சினமில்லை. அவ்வளவில், விடுதியிற் கூறிய சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டோம். “இரும்பு காய்ந்துவிட்டது, நன்றாக ஊது” என்பதே அவர் தந்த விடை.

பாட்டனார் இன்று இல்லை. பட்டறையும் இல்லை, பட்டடைக்கல் மட்டும் எம் இல்லத்து முற்றத்திற் கிடக்கின்றது. அவர் மறைந்த மறு ஆண்டு, வாரிசுச் சான்று பெறும் பொருட்டு அவருடைய திருமணப் பதிவின் நகல் வேண்டியிருந்தது. எங்கள் சேகரத்து ஆலயத்தில் குருவானவர் பழைய பதிவேட்டை எடுத்து விரித்தார். ஆங்கிலத்தில் அச்சிட்ட கட்டங்கள். பெயர், குடிப்பெயர், வயது, தொழில், ஊர், தந்தை பெயர் எனப் பிரிக்கப்பட்டிருந்தன. அப்பக்கத்தில் எழுதப்பெற்ற மணமகன்மார் ஏறக்குறைய யாவர்க்கும் தொழில் என்னுமிடத்தில் ‘கல்டிவேட்டர்’, அஃதாவது உழவர், என்றே வரையப்பட்டிருந்தது. ஒரே ஒருவர்க்கு மட்டும் ‘பிளாக்ஸ்மித்’ என்றிருந்தது. அவர் எம் பாட்டனார். அவருடைய குடிப்பெயர்க் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டுமே இடப்பட்டிருந்தது.

அக்கோட்டின்மேல் விரலை வைத்து நெடுநேரம் நின்றோம். பல ஆண்டுகளாக யாம் நூல்களிற் கற்றதெல்லாம் அவ்வொரு பக்கத்தில் அடங்கியிருந்தது. பல உழவரிடையே ஒரு கொல்லர். பெயரை எழுதி, பக்கத்தில் தொழிலையும் எழுதிய ஓர் எழுத்தர். அவ்வேடு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்றில் எழுதப்பட்டிருப்பின், அச்சொல் ஓரிரு கட்டம் நகர்ந்து கோட்டின் இடத்தில் அமர்ந்திருக்கும். யாமும் அப்பெயரைத் தாங்கியிருப்போம். அதனை மறைக்க எமக்கு வழியும் இருந்திராது.

தச்சனுடைய மகன் அன்றோ என்று இகழப்பட்ட ஒருவரை ஆண்டவரென நாள்தோறும் வணங்கும் கல்லூரி இது. அதன் விடுதியில் நின்றுகொண்டு கொல்லரின் பேரன் என்று சொல்லிக்கொள்ள யாம் நாணினோம். ஒரு குடிப்பெயரின் வரலாற்றை ஆராயப் புகுந்து யாம் பெற்ற பயன் அந்நாணத்தை நீத்ததேயாகும். “இவர் யார்?” என்று அன்று கேட்ட தோழர் இவ்விதழைப் படிப்பாராயின், அவர்க்குரிய விடையை ஈண்டுக் காலந்தாழ்த்தேனும் கூறிக்கொள்கின்றோம். அவர் எம் பாட்டனார். எங்கள் ஊரின் கொல்லர்.